பாசியின் இரண்டு தலைமுறை: ஒரு தேர்வுப் படத்துக்குப் பின்னால் 150 ஆண்டுகள்

உயிரியல் தேர்வில் பிரையோஃபைட் தாவரங்களைப் பற்றிய கேள்வி வந்தால், நம் மாணவர்களில் பலர் ஒரு வட்டத்தைத்தான் முதலில் வரைவார்கள். ஒரு பக்கம் கேமிட்டோஃபைட், மறுபக்கம் ஸ்போரோஃபைட், நடுவே அம்புக்குறிகள். மனப்பாடம் பண்ணியாச்சு, வரைஞ்சாச்சு, மதிப்பெண் வாங்கியாச்சு. ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் நிலைமை மாறிவிடும். "பாசியின் காம்பு ஒற்றைமடியா, இருமடியா? அந்தக் காம்பின் உச்சியில் இருக்கும் தொப்பி எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது?" என்று கேட்டுப் பாருங்க. வகுப்பு அமைதியாகிவிடும்.

இதற்காக மாணவர்களைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு வட்டத்தை முழுமையாகப் புரிந்துகொள்ள ஐரோப்பாவின் பெரிய தாவரவியலாளர்களுக்கே ஏறக்குறைய 150 ஆண்டுகள் பிடித்தன. இன்னொரு செய்தியும் உண்டு. மாணவர்கள் விடைத்தாளில் வழக்கமாகச் செய்யும் தவறுகளும், அந்த அறிஞர்கள் வழியில் செய்த தவறுகளும் பெரும்பாலும் ஒன்றே. அதனால் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது வெறும் பொது அறிவுக்காக மட்டும் இல்லை. எங்கே சறுக்கும், ஏன் சறுக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள இது உதவும்.

முதலில், யார் இவர்கள்?

தமிழில் "பாசி" என்ற சொல் கொஞ்சம் சிக்கலானது. குளத்தில் மிதப்பதும் பாசி, மழைக்காலத்தில் சுவரில் பச்சையாகப் படர்வதும் பாசி. முன்னது பெரும்பாலும் ஆல்கா. நாம் இங்கே பேசுவது பின்னதைப் பற்றி. அதாவது மாஸ், லிவர்வொர்ட், ஹார்ன்வொர்ட் என்னும் மூன்று கூட்டங்கள். இவை மூன்றும் சேர்ந்ததே பிரையோஃபைட். மாஸ் சுமார் 12,000 இனங்கள், லிவர்வொர்ட் சுமார் 7,000, ஹார்ன்வொர்ட் சுமார் 200.

இவற்றுக்கு உண்மையான வேர் கிடையாது. பிடித்துக்கொள்ள ரைசாய்டு என்னும் இழைகள் உண்டு. சைலம், ஃபுளோயம் போன்ற லிக்னின் ஏறிய கடத்துத் திசு கிடையாது. அதனால்தான் இவற்றைக் கடத்துத் திசு இல்லாத தாவரங்கள் என்கிறோம். பெரும்பாலானவை விரல் உயரத்தைத் தாண்டுவதில்லை. ஆனால் விதிவிலக்கு உண்டு. டாசோனியா என்னும் மாஸ் அரை மீட்டர் வரை வளரக்கூடியது. அந்தப் பேரினத்தைச் சபாவின் கினபாலு மலையிலும் காணலாம். அதன் தண்டுக்குள் நீரைக் கடத்தும் எளிய உயிரணுக்கள் உண்டு. லிக்னின் மட்டும் இல்லை. கேமரன் மலைக்குப் போனவர்கள் பிரிஞ்சாங் மலையுச்சிப் பக்கம் இருக்கும் பாசிக் காட்டைப் பார்த்திருப்பீங்க. அங்கே மரத்தைவிட மரத்தின் மேல் இருப்பதுதான் கண்ணுக்கு முதலில் தெரியும்.

ஒரு மாஸைக் கையில் எடுத்துப் பூதக்கண்ணாடி வழியாகப் பாருங்க. கீழே சின்னச் சின்ன இலைகளோடு பச்சைத் தண்டு. அதன் உச்சியிலிருந்து நூல் போன்ற காம்பு. காம்பின் முனையில் ஒரு சிறு உறை. அதைத்தான் கேப்சூல் என்கிறோம். கேப்சூல் முற்றினால் பொடி போன்ற ஸ்போர்கள் பறக்கும். கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். ஆனால் இதில் எது எது என்பதுதான் பெரிய சண்டையாக இருந்தது.

பூவைத் தேடியவர்கள்

18ஆம் நூற்றாண்டின் தாவரவியல், பூவை மையமாக வைத்தது. பூ இருந்தால் மகரந்தம் இருக்கும், சூல் இருக்கும், விதை இருக்கும். எனவே பாசியிலும் பூவைத் தேடினார்கள்.

ஜெர்மனியில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்தவர் யோகான் யாகோப் டில்லேனியஸ். 1741இல் பாசிகளின் வரலாறு என்னும் பொருள்படும் ஒரு பெரிய லத்தீன் நூலை வெளியிட்டார். அதிலுள்ள 85 படத் தகடுகளையும் தாமே செதுக்கினார். அவ்வளவு உழைப்பு. ஆனால் விளக்கம் சறுக்கிவிட்டது. கேப்சூலைப் பார்த்தார், உள்ளே பொடி இருந்தது. பூவின் மகரந்தப்பையிலும் பொடிதானே இருக்கிறது? எனவே கேப்சூல் என்பது மகரந்தப்பை, ஸ்போர் என்பது மகரந்தம் என்று முடிவு செய்தார்.

கார்ல் லின்னேயஸும் இதையே பின்பற்றினார். அவர் தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்தார். முதல் 23 வகுப்புகளில் பூக்கும் தாவரங்கள். பூவே தென்படாத பெரணி, பாசி, ஆல்கா, பூஞ்சை எல்லாவற்றையும் கடைசியான 24ஆம் வகுப்பில் போட்டு, கிரிப்டோகேமியா என்று பெயர் வைத்தார். பொருள்: மறைவான திருமணம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எங்கேயோ கல்யாணம் நடக்கிறது என்று அவர் நினைத்தது சரிதான். எங்கே நடக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

தேர்வில் வரும் முதல் தவறு இதுவே: கேப்சூலைப் பாசியின் "பூ" அல்லது "ஆண் உறுப்பு" என்று எழுதுவது. டில்லேனியஸ் செய்த அதே தவறு. பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருப்பதால் வேலையும் ஒன்றுதான் என்று முடிவு செய்துவிடுகிறோம்.

விதைத்துப் பார்த்த மருத்துவர்

அடுத்து வந்தவர் யோகான் ஹெட்விக். இன்றைய ருமேனியாவில் உள்ள பிராசோவ் நகரில் 1730இல் பிறந்தவர். தொழிலால் மருத்துவர், பிற்காலத்தில் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரத்தில் நுண்ணோக்கி வழியாகப் பாசியைப் பார்த்தார்.

அவர் கேப்சூலை விட்டுவிட்டு இலைகளுக்கு நடுவே தேடினார். அங்கே இரண்டு வகை உறுப்புகள் இருந்தன. ஒன்று, கதாயுதம் போன்ற சிறு பைகள். நீர் பட்டதும் வெடித்து உள்ளே இருப்பதை வெளியே தள்ளின. மற்றொன்று, நீண்ட கழுத்துள்ள குடுவைகள். முன்னது ஆண் உறுப்பு. இன்று ஆந்தெரிடியம் என்கிறோம். பின்னது பெண் உறுப்பு, இன்று ஆர்க்கிகோனியம். அந்தக் குடுவைக்குள்ளிருந்துதான் பிறகு காம்பும் கேப்சூலும் வளர்ந்தன என்பதையும் பின்தொடர்ந்து பார்த்தார். லின்னேயஸ் சொன்ன மறைவான திருமணம் நடக்கும் இடம் கிடைத்துவிட்டது.

ஹெட்விக் இன்னொன்றும் செய்தார். கேப்சூலிலிருந்து வந்த பொடியை விதைத்துப் பார்த்தார். அது முளைத்தது. மகரந்தத்தை மண்ணில் போட்டால் செடி வருமா? வராது. எனவே ஸ்போர் மகரந்தம் இல்லை என்பது உறுதியாயிற்று. இதைச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகம் பரிசளித்துப் பாராட்டியது. அவர் 1799இல் காலமானார். 1801இல் வெளிவந்த அவருடைய நூலைத்தான் மாஸ்களின் அறிவியல் பெயர்களுக்குத் தொடக்கமாக இன்றும் வைத்திருக்கிறார்கள். ஸ்ஃபேக்னம் கூட்டத்துக்கு மட்டும் விலக்கு.

ஆனால் ஹெட்விக்கும் ஒரு படி சறுக்கினார். ஸ்போர் முளைத்ததால் அதை விதை என்றே எண்ணினார். கேப்சூல் கனி, ஸ்போர் விதை. அவ்வளவுதான் கணக்கு.

இரண்டாவது தவறு: ஸ்போரையும் விதையையும் ஒன்றாக்குவது. தமிழில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். சில பாடநூல்களில் ஸ்போருக்கு "வித்து" என்ற சொல் உண்டு. அன்றாடத் தமிழில் வித்து என்றால் விதைதான். வகுப்பில் தெளிவாகச் சொல்லிவிடுங்க: விதைக்குள் ஏற்கெனவே ஒரு குட்டிச் செடி, அதாவது கரு, பலவகை உயிரணுக்களோடு இருக்கிறது. அது கருவுறுதலுக்குப் பின் உண்டானது. ஸ்போர் வெறும் ஓர் உயிரணு. அதற்குள் கரு இல்லை.

நீந்தும் அணுக்களும் ஒரு கவிஞரின் சொல்லும்

19ஆம் நூற்றாண்டில் நுண்ணோக்கிகள் மேம்பட்டன. மாஸின் ஆந்தெரிடியத்திலிருந்து சுருள் வடிவில் ஏதோ வெளிவந்து நீரில் நீந்துவதைப் பார்த்தார்கள். அதை ஒரு சிற்றுயிர் என்றே முதலில் சிலர் எண்ணினார்கள். செடிக்குள்ளிருந்து நீந்தும் ஒன்று வரும் என்று யார்தான் எதிர்பார்ப்பார்கள்? இவற்றை 1830களில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஃபிரான்ஸ் உங்கர். பின்னாளில் வியன்னாவில் கிரெகர் மெண்டலுக்குப் பாடம் நடத்தியவர் இவர்தான்.

பெரணியிலும் அதே அதிர்ச்சி. பெரணி ஸ்போர் முளைத்ததும் இதய வடிவில் ஒரு மெல்லிய பச்சைத் தகடு உண்டாகும். 1844இல் கார்ல் நேகெலி அந்தத் தகட்டில் நீந்தும் விந்தணுக்களைக் கண்டார். 1848இல் லெஷ்சிட்ஸ்-சுமின்ஸ்கி அதே தகட்டில் பெண் உறுப்பைக் கண்டார். பெரிய பெரணிச் செடியில் இல்லாத ஆண் பெண் உறுப்புகள், யாரும் மதிக்காத அந்தச் சிறு தகட்டில் இருந்தன.

துண்டுகள் எல்லாம் மேசை மேல் வந்துவிட்டன. சேர்த்துப் பார்க்க ஒரு கருத்து வேண்டும். அது விலங்கியலிலிருந்து வந்தது. அடெல்பெர்ட் ஃபோன் சமீசோ என்பவர் ஜெர்மன் மொழியில் எழுதிய கவிஞர். நிழலை விற்ற மனிதனின் கதையை எழுதிப் புகழ்பெற்றவர். மலாய் பந்துன் வடிவத்தை எடுத்து ஜெர்மன் மொழியில் கவிதை எழுதியவரும் அவரே. அவர் இயற்கை ஆய்வாளராகவும் இருந்தார். 1815 முதல் 1818 வரை ரூரிக் என்ற ரஷ்யக் கப்பலில் உலகைச் சுற்றியபோது, சால்ப் என்னும் கடல் உயிரியைக் கவனித்தார். தனியாக நீந்தும் சால்ப்புக்குப் பிறக்கும் பிள்ளைகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு வாழ்கின்றன. அந்தச் சங்கிலிச் சால்ப்புக்குப் பிறப்பது மறுபடி தனிச் சால்ப். பிள்ளை தாயைப்போல் இல்லை, பாட்டியைப்போல் இருக்கிறது. 1819இல் இதைத் தலைமுறை மாற்றம் என்று எழுதினார். 1842இல் டென்மார்க்கின் ஸ்டீன்ஸ்ட்ரூப் இந்தக் கருத்தை வேறு பல விலங்குகளுக்கும் விரித்தார்.

நமக்கு இதை நினைவில் வைப்பது சுலபம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். பெயரன் என்பதுதான் பேரன் ஆயிற்று என்பார்கள். பாசியும் அப்படித்தான். பச்சைச் செடியின் பிள்ளை காம்பும் கேப்சூலும். அதன் பிள்ளை மறுபடி பச்சைச் செடி. உருவம் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வருகிறது.

இசைக்கடையிலிருந்து வந்த விடை

துண்டுகளைச் சேர்த்தவர் பல்கலைக்கழகத்தில் படித்தவர் இல்லை. வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர் 1824இல் லைப்சிக்கில் பிறந்தார். தந்தை இசைநூல் பதிப்பாளர், தாவரங்களில் ஆர்வமுள்ளவர். மகன் 15 வயதில் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு ஹாம்பர்க்கில் ஓர் இசைக்கடையில் தொழில் பழகப் போனார். பிறகு ஊருக்குத் திரும்பிக் குடும்ப வணிகத்தைக் கவனித்தார். கடை வேலைக்கு முன் விடியற்காலையில்தான் ஆராய்ச்சி. கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை வேறு. தூரத்தில் இருப்பது தெரியாத அவர், கண்ணருகே வைத்துச் செய்யும் நுண்ணிய வேலையில் ஈடு இணையில்லாதவராக இருந்தார்.

1851இல், 27 வயதில், ஒரு நூலை வெளியிட்டார். லிவர்வொர்ட், மாஸ், பெரணி, செலாஜினெல்லா, ஊசியிலை மரம் என ஒவ்வொன்றின் கருவும் ஓர் உயிரணுவிலிருந்து எப்படிப் பிரிந்து பிரிந்து வளர்கிறது என்பதைப் படிப்படியாக வரைந்து காட்டினார். பிறகு எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். அப்போது கிடைத்த முடிவு இதுதான்:

மாஸின் இலையுள்ள பச்சைச் செடிக்குச் சமமானது பெரணியின் சிறு தகடு. இரண்டும் ஸ்போரிலிருந்து வருகின்றன. இரண்டும் விந்தணுவையும் முட்டையணுவையும் உண்டாக்குகின்றன. மாஸின் காம்புக்கும் கேப்சூலுக்கும் சமமானது பெரிய பெரணிச் செடி. இரண்டும் கருவுற்ற முட்டையிலிருந்து வருகின்றன. இரண்டும் ஸ்போரை உண்டாக்குகின்றன.

இதை ஒருமுறை நிறுத்தி நினைச்சுப் பாருங்க. மாஸில் நாம் "செடி" என்று சொல்வதும் பெரணியில் "செடி" என்று சொல்வதும் ஒரே தலைமுறை இல்லை! கேப்சூல் என்பது அந்தச் செடியின் உறுப்பே இல்லை. அது அடுத்த தலைமுறை, தனி உயிர். தாயின் இடுப்பை விட்டுக் கடைசிவரை இறங்காத பிள்ளை. அதன் அடிப்பகுதி தாயின் திசுவுக்குள் புதைந்து, அங்கிருந்தே நீரையும் உணவையும் வாங்கிக்கொள்கிறது.

ஹோஃப்மைஸ்டர் அதோடு நிற்கவில்லை. ஊசியிலை மரங்களின் சூலுக்குள் இருக்கும் திசுவும் அந்தப் பெரணித் தகடுதான். அது சுருங்கி உள்ளே ஒளிந்துகொண்டது என்றார். ஆக, பாசி முதல் பைன் மரம் வரை ஒரே திட்டம். பெரிய செடியை அளவுகோலாக வைத்துப் பாசியைப் பார்த்தவர்கள் நூறாண்டு தடுமாறினார்கள். பாசியிலிருந்து தொடங்கியவருக்குப் பெரிய மரத்தின் இரகசியமும் திறந்தது. டார்வினின் நூல் வெளிவந்தது 1859இல். அதற்கு எட்டாண்டு முன்பே, பரிணாமம் என்ற சொல் இல்லாமலே, நிலத் தாவரங்களின் உறவுமுறையை அவர் எடுத்துக் காட்டிவிட்டார்.

அதே ஆண்டு ரோஸ்டாக் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் கொடுத்தது. 1863இல் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியர் ஆக்கியது.

இந்தத் தொடரில் விட்டுப்போன ஒரு கண்ணி ஜப்பானில் கிடைத்தது. பாசியிலும் பெரணியிலும் விந்தணு நீந்துகிறது. விதைத் தாவரத்தில் மகரந்தக் குழாய் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இடைப்பட்ட நிலை எங்கே? 1896இல் தோக்கியோவில் ஹிராசே என்பவர் கிங்கோ மரத்தில் நீந்தும் விந்தணுவைக் கண்டார். அதே ஆண்டு இக்கேனோ சைக்கஸில் கண்டார். விதை உண்டாக்கும் மரத்திலும் பாசியின் பழைய பழக்கம் மிச்சம் இருந்தது.

எண்ணிப் பார்த்தபோது

ஹோஃப்மைஸ்டர் தலைமுறைகளைப் பிரித்தார். ஆனால் குரோமோசோம் கணக்கு அவர் காலத்தில் கிடையாது. அதைச் சேர்த்தவர் எட்வார்ட் ஸ்ட்ராஸ்புர்கர். ஒரு தலைமுறையில் குரோமோசோம் ஒரு தொகுதி, மற்றதில் இரு தொகுதி. ஸ்போர் உண்டாகும் இடத்தில்தான் எண்ணிக்கை பாதியாகிறது என்று 1894இல் எடுத்துரைத்தார். ஒற்றைமடி, இருமடி என்று நாம் சொல்லும் கலைச்சொற்களை ஜெர்மன் மொழியில் உருவாக்கியவரும் அவரே, 1905இல். மியோசிஸ் என்ற சொல்லும் இன்றைய பொருளில் அதே ஆண்டு ஃபார்மரும் மூரும் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. ஃபார்மர் லிவர்வொர்ட்டின் உயிரணுப் பிரிவை ஆராய்ந்தவர்.

மூன்றாவது தவறு: "விந்தணுவும் முட்டையணுவும் மியோசிஸ் மூலம் உண்டாகின்றன" என்று எழுதுவது. விலங்குக்கு அது சரி. தாவரத்துக்குத் தவறு. பாசியின் பச்சைச் செடி ஏற்கெனவே ஒற்றைமடி. அதை மேலும் பாதியாக்க முடியாது. எனவே அது மைட்டோசிஸ் மூலமே பாலணுக்களை உண்டாக்குகிறது. மியோசிஸ் நடப்பது கேப்சூலுக்குள், ஸ்போர் தாயணுவில். விலங்கியலிலிருந்து வந்த பழக்கத்தைத் தாவரவியலில் அப்படியே போட்டால் மதிப்பெண் போய்விடும்.

காம்பை வெட்டிப் பார்த்தவர்கள்

அப்படியென்றால், ஒரு தொகுதி குரோமோசோம் இருந்தால் பச்சைச் செடி, இரு தொகுதி இருந்தால் கேப்சூல் என்று சட்டம் போட்டுவிடலாமா? பல மாணவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். இது நான்காவது தவறு.

பெல்ஜியத்தைச் சேர்ந்த எலி மார்ஷால், எமில் மார்ஷால் என்ற தந்தையும் மகனும் 1907இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாஸின் காம்பைத் துண்டாக வெட்டி ஈரத்தில் வளர்த்தார்கள். காம்பு இருமடி. அதிலிருந்து இன்னொரு காம்பு வந்ததா? இல்லை. பச்சை இழைகள் வந்தன. அதிலிருந்து இலையுள்ள சாதாரணப் பாசிச் செடி வந்தது. ஆனால் அதன் உயிரணுக்களில் இரு தொகுதி குரோமோசோம்! அதாவது இருமடியான கேமிட்டோஃபைட். ஆக, எண்ணிக்கை மட்டும் உருவத்தைத் தீர்மானிக்கவில்லை.

பின் எது தீர்மானிக்கிறது? நூறாண்டு கழித்துத்தான் தெளிவான விடை வந்தது. 2013இல் வெளியான ஆய்வில், ஃபிஸ்கோமிட்ரெல்லா என்னும் சிறு மாஸில் நாக்ஸ் வகை மரபணுக்கள் சிலவற்றை நீக்கினார்கள். ஸ்போரோஃபைட் ஆக வேண்டிய கரு, கேமிட்டோஃபைட் வழியில் வளர்ந்தது. 2016இல் பெல் வகை மரபணு ஒன்றை மிகுதியாக இயக்கினார்கள். கருவுறுதலே இல்லாமல் ஸ்போரோஃபைட் உண்டானது. எந்தத் தலைமுறை என்பதைத் தீர்மானிக்கும் விசை மரபணுவில் இருக்கிறது. வழக்கமாகக் கருவுறுதல்தான் அந்த விசையைத் தட்டுகிறது. அதனால்தான் இருமடியும் ஸ்போரோஃபைட்டும் சேர்ந்தே வருகின்றன.

எளிமையாக இருந்தால் பழையதா?

இன்னொரு விவாதத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், உயர்நிலை மாணவர்களுக்குப் பயன்படும். கிளாஸ்கோவின் ஃபிரெடெரிக் பவர், ஸ்போரோஃபைட் என்பது முதலில் மிக எளிமையாகத் தோன்றி, படிப்படியாகச் சிக்கலானது என்று வாதிட்டார். அந்தக் கணக்கில், வெறும் உருண்டையான ஸ்போரோஃபைட் கொண்ட ரிக்சியா என்னும் லிவர்வொர்ட் அடிப்படியில் இருக்கும்.

லாகூரில் பணியாற்றிய சிவராம் காஷ்யப் இதை ஏற்கவில்லை. இமயமலையின் லிவர்வொர்ட்டுகளை மலைமலையாக ஏறிச் சேகரித்தவர். இந்தியப் பிரையோஃபைட் ஆய்வின் தந்தை என்று போற்றப்படுபவர். ரிக்சியாவின் எளிமை தொடக்க நிலையின் எளிமை இல்லை, இருந்ததை இழந்து இழந்து வந்த எளிமை என்பது அவருடைய கருத்து. இப்போது மரபணுக்களை ஒப்பிடும் ஆய்வுகள், மாஸும் லிவர்வொர்ட்டும் நெருங்கிய உறவினர் என்றும், நிலத் தாவரங்களின் பொது முன்னோர் நாம் நினைத்ததைவிடச் சிக்கலானவராக இருந்திருக்கலாம் என்றும் காட்டுகின்றன. காஷ்யப் காட்டிய திசைக்கு இது வலுச் சேர்க்கிறது. எனவே விடைத்தாளில் "பிரையோஃபைட்டிலிருந்து பெரணி தோன்றியது" என்று எழுதாதீங்க. இரண்டும் ஒரே முன்னோரின் வெவ்வேறு கிளைகள்.

வகுப்பறைக்கு

கீழே உள்ளதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, காரணத்தோடு சொல்லச் சொல்லுங்க. பகுதியின் பெயர் மட்டும் போதாது. அது எதிலிருந்து வந்தது என்பதைக் கேளுங்க. அதுதான் ஹோஃப்மைஸ்டரின் வழி.

- ஸ்போர்: ஒற்றைமடி. மியோசிஸ் முடிந்த பின் உண்டானது.
- புரோட்டோனீமா என்னும் பச்சை இழை: ஒற்றைமடி. ஸ்போர் முளைத்து வந்தது.
- இலை, தண்டு, ரைசாய்டு: ஒற்றைமடி.
- ஆந்தெரிடியம், ஆர்க்கிகோனியம், விந்தணு, முட்டையணு: ஒற்றைமடி.
- கருமுட்டை: இருமடி.
- காம்பு, கேப்சூலின் சுவர், ஸ்போர் தாயணு: இருமடி.
- கேப்சூலின் மேலுள்ள தொப்பி, அதாவது கலிப்ட்ரா: ஒற்றைமடி. ஆர்க்கிகோனியத்தின் சுவர் கிழிந்து மேலே போனது அது. பிள்ளை தலையில் தாயின் முந்தானை என்று சொல்லிக்கொடுங்க, மறக்க மாட்டார்கள்.

செய்து பார்க்க: பள்ளிச் சுவர், கால்வாய் ஓரம், பூச்சட்டி ஆகியவற்றில் காம்பு வந்த மாஸைத் தேடுங்க. தொப்பியை ஊசியால் மெல்ல நீக்கிப் பாருங்க. முற்றிய கேப்சூலை, கொதிநீர் ஊற்றி ஆறவைத்த ஈரமான செங்கல் துண்டின் மேல் நசுக்கி, கண்ணாடிக் குவளையால் மூடி, நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்க. சில வாரங்களில் பச்சை இழைகள் படரும். ஹெட்விக் செய்த அதே சோதனைதான்.

பயிற்சிக் கேள்விகள்

1. பாசியின் கருவுறுதலுக்கு நீர் ஏன் தேவை?
விந்தணுவுக்கு இரண்டு கசையிழைகள் உண்டு. அது நீர்ப்படலத்தில் நீந்தியே ஆர்க்கிகோனியத்தை அடைகிறது. மாஸ் விந்தணுவைச் சர்க்கரைக் கரைசல் ஈர்க்கிறது என்று 1884இல் பெஃபர் காட்டினார். மண்ணில் வாழும் மிகச் சிறு பூச்சிகள் விந்தணுவைச் சுமந்து உதவக்கூடும் என்று 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனாலும் கடைசி அடி நீரில்தான்.

2. ஸ்போரோஃபைட் ஏன் தாயைச் சார்ந்து வாழ்கிறது?
அது ஆர்க்கிகோனியத்துக்குள்ளேயே கருவாகத் தொடங்குகிறது. அதன் அடிப்பகுதி தாய்த் திசுவிலிருந்து நீரும் உணவும் பெறுகிறது. இளம் கேப்சூலில் பச்சையம் இருந்தாலும் அது மட்டும் போதாது.

3. மாஸ், பெரணி இரண்டின் வாழ்க்கைச் சுழற்சியில் உள்ள முதன்மை வேறுபாடு என்ன?
மாஸில் கேமிட்டோஃபைட் ஓங்கி நிற்கிறது, பெரணியில் ஸ்போரோஃபைட். சுழற்சியின் வரிசை இரண்டிலும் ஒன்றே.

4. ஒரு மாஸ் செடியின் உயிரணுவில் இரு தொகுதி குரோமோசோம் இருக்கிறது. அது கேமிட்டோஃபைட்டாக இருக்க முடியுமா? காரணம் கூறுக.
முடியும். மார்ஷால்களின் சோதனையை மேற்கோள் காட்டி விளக்க வேண்டும்.

நான்காவது கேள்விக்கு "முடியாது" என்று எழுதும் மாணவரைத் திட்டாதீங்க. எந்த ஆண்டில் நின்றுகொண்டு எழுதியிருக்கிறார் என்று பாருங்க. 1894 வரை வந்திருக்கிறார். இன்னும் 13 ஆண்டுகள் அழைத்துப் போனால் போதும்.